முந்திரிக்கொட்டைகள்

சைக்கிளில் போகும் ஒரு பெண் தனக்கு முன்னால் போகிறவரை முந்திச் செல்கிறாள். இந்தக் காட்சியைத் தமிழில் எங்கே படித்திருக்கிறீர்கள், எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று முதுகலை வகுப்பில் ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு சினிமாப் பாட்டுகள் வந்தன. கதாநாயகி தோழிகளோடு வரிசையாக சைக்கிளில் வருவாள். கதாநாயகன் எதிரே வந்து வட்டமடிப்பான், ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுவான், வரிசை கலையும், யாராவது ஒருத்தி விழுவாள். "அவள் முந்துகிற காட்சி?" என்று மறுபடி கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், அவ ஓட்டுறதே அவன் முந்துறதுக்குத்தானே."

இன்னொரு மாணவி 2024இல் வந்த 'குரங்கு பெடல்' படத்தைச் சொன்னாள். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த படம். வாடகை சைக்கிள், குரங்கு பெடல், கோடை விடுமுறை, போட்டி. பாரம்பரியமான ஒரு பால்யத்தை நேர்மையாகச் சொல்லும் படம்தான். ஆனால் அது பையன்களின் பால்யம். தமிழில் சைக்கிள் கற்பது, விழுவது, முட்டியைப் பெயர்த்துக்கொள்வது, பந்தயம் கட்டுவது எல்லாமே பெரும்பாலும் ஆண்களின் நினைவுக் கிடங்கிலிருந்து வருபவை. பெண்ணுக்கு சைக்கிள் கிடைத்த கதை நம்மிடம் இருக்கிறது. அந்த சைக்கிளில் அவள் யாரோடு போட்டி போட்டாள் என்ற கதை இல்லை.

பெண்ணுக்கு சைக்கிள் கிடைத்த கதை என் மாவட்டத்தினுடையது. 1991இல் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் கற்பதையும் முன்னெடுத்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டையை நிறைத்தார்கள். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், செவிலியர்கள். 1996இல் வந்த தன் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' நூலில் பி. சாய்நாத் இதை எழுதினார். பின்னாளில் அந்தக் கட்டுரை இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. எங்கள் ஊர்ப் பெண்களை வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் படித்தார்கள்.

சாய்நாத்தின் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தவர், மாலையில் அரைமணி நேரம் வாடகைக்கு சைக்கிள் எடுத்து ஓட்டும் ஓர் ஆசிரியை. அவர் எங்கும் போவதில்லை. ஓட்டுவதற்காக ஓட்டுகிறார். பொருளாதாரப் பலனை மட்டும் பார்ப்பது தவறு என்று சாய்நாத்தும் அங்கே சொல்கிறார். ஆனால் அவருக்குப் பிறகு இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன மேடைகளிலும் மலர்களிலும் அந்த ஆசிரியை காணாமல் போய்விட்டார். தண்ணீர் கொண்டுவர, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்த என்று சைக்கிளின் பயன்கள் பட்டியலாயின. இவை எல்லாமே உண்மை. என்றாலும் அந்தப் பட்டியலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அவள் வீட்டுக்காக ஓட்டும்வரை அவள் ஓட்டலாம். வேகத்துக்காக ஓட்டுகிறவளுக்கு அதில் இடமில்லை.

என் அம்மா அப்போதுதான் கற்றுக்கொண்டார். எனக்கு 12 வயது. அம்மா வாங்கியது பழைய ஜென்ட்ஸ் சைக்கிள். முன்னால் பார் இருப்பதால் தம்பியை உட்காரவைக்கலாம் என்பது காரணம். பல பெண்கள் அதே காரணத்துக்காக ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அந்த சைக்கிள் எனக்கு வந்தது. பாவாடை தாவணிச் சீருடையில், பாரைத் தாண்டிக் காலைப் போட்டு ஏற வேண்டும். தாவணியை இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொள்வேன். செயின் கார்டு பாதிதான் இருந்தது. பாவாடையின் ஓரத்தில் எப்போதும் கிரீஸ்.

பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். கண்மாய்க் கரை, பிறகு தைலமரக்காடு, பிறகு தார்ச்சாலை. அந்தச் சாலையில்தான் நான் பந்தயத்தைக் கற்றேன். யாரும் அறிவிக்காத, யாரும் ஒப்புக்கொள்ளாத பந்தயம். முன்னால் ஒருவர் சாவகாசமாக மிதித்துக்கொண்டு போவார். நான் பெல் அடித்துவிட்டு வலப்பக்கமாக முந்துவேன். பத்து மிதி போவதற்குள் பின்னால் அவருடைய செயின் சத்தம் கேட்கும். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிறார் என்று அர்த்தம். என்னை முந்துவார். முந்திய பிறகு அதே வேகத்தில் போகமாட்டார். எனக்கு முன்னால் வந்து பழைய சாவகாசத்துக்குத் திரும்பிவிடுவார். எனக்கோ மணியடிக்கும் நேரம். மறுபடி முந்தியாக வேண்டும். இப்போது அவர் முகம் மாறியிருக்கும். "மெதுவாப் போம்மா, விழுந்து வைக்கப் போற" என்று ஒரு குரல். அக்கறை போலத்தான் இருக்கும். ஆனால் அவரை ஒரு பையன் முந்தினால் அந்த அக்கறை வராது. பால் கேனோடு போகிறவர், வேலைக்குப் போகிறவர், என்னோடு படிக்கிற பையன், எல்லோருக்கும் இந்த விதி தெரிந்திருந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணை அந்தச் சாலை மூன்றே வருடங்களில் ஏற்றுக்கொண்டிருந்தது. முந்தும் பெண்ணை ஏற்கவில்லை.

எங்கள் அப்பத்தாவிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு என்ன இம்புட்டு முந்திரிக்கொட்டைத்தனம்?" ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்து விற்கும் சாலையைத் தாண்டிப் போகும் மாவட்டத்துக்காரர்கள் நாங்கள். கொட்டை பழத்துக்கு உள்ளே அடங்கியிருக்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை அறிந்துதான் திட்டுவார்கள். பையன் முந்தினால் 'சூட்டிகை'. பெண் முந்தினால் 'முந்திரிக்கொட்டை'. பழம் எங்கே இருக்க வேண்டும், விதை எங்கே இருக்க வேண்டும் என்ற முழு ஒழுங்கும் அந்த ஒரு வசையில் இருக்கிறது.

இந்த வசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் இரண்டு படங்களை வகுப்பில் திரையிட்டேன். இரண்டும் பெண்கள் எடுத்தவை. முதலாவது, ஈரானிய இயக்குநர் மர்ஸியே மெஷ்கினியின் 'நான் பெண்ணான நாள்' (2000). அதன் நடுப்பகுதியில் கறுப்பு சாதோர் அணிந்த பெண்கள் கடலோரச் சாலையில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஆஹூ. கணவன் குதிரையில் துரத்தி வந்து, இறங்காவிட்டால் விவாகரத்து என்கிறான். அடுத்து மதகுருவோடு வருகிறான். பிறகு உறவினர்கள், குலப் பெரியவர்கள், கடைசியில் சகோதரர்கள். எல்லோருமே குதிரையில். சகோதரர்கள் வந்து மறிக்கும்வரை அவள் மிதிப்பதை நிறுத்துவதில்லை. மெஷ்கினி அவளுக்குப் பேச்சு அதிகம் கொடுக்கவில்லை. துரத்தல் நெருங்க நெருங்க அவள் வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். ஒரு பெண் சும்மா வேகமாகப் போவதைத் தடுக்க எத்தனை நிறுவனங்கள் குதிரையேறி வரவேண்டியிருக்கிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, சவுதி அரேபிய இயக்குநர் ஹைஃபா அல் மன்சூரின் 'வஜ்தா' (2012). பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு பச்சை சைக்கிள் வேண்டும். எதற்கு? தண்ணீர் எடுக்கவோ பள்ளிக்குப் போகவோ இல்லை. பக்கத்து வீட்டு அப்துல்லாவைப் பந்தயத்தில் தோற்கடிக்க. அந்தப் பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து ஜெயிக்கிறாள். சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னதும் பரிசுப் பணம் அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. கடைசியில் சைக்கிளை வாங்கித் தருவது அம்மா. வஜ்தாவின் ஆசையை அல் மன்சூர் எந்தப் பயனையும் சொல்லி நியாயப்படுத்துவதில்லை. படத்தின் பலம் அதுதான். கடைசிக் காட்சியில் அவள் அப்துல்லாவை முந்துகிறாள். வகுப்பில் மாணவிகள் கைதட்டினார்கள். நானும்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒன்று உறுத்தியது. இரண்டு படங்களிலும் சாலை எல்லோருக்கும் ஒரே சாலை. ஆஹூவும் அவளோடு ஓட்டும் பெண்களும் ஒரே தாரில் உருள்கிறார்கள். பெண்ணை மறிப்பவன் ஆண், முந்தப்பட வேண்டியவன் ஆண். அந்த ஊர்க் கதைக்கு அது போதும். எங்கள் ஊர்ச் சாலைக்குப் போதாது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குச் சொல்லப்பட்டது.

என் முதல் தொகுப்பில் ஒரு சைக்கிள் கவிதை உண்டு. இரண்டு சிறுமிகள் பள்ளி வாசலிலிருந்து ஊர்வரை பந்தயம் விடுகிறார்கள். ஒருத்தி வீட்டு வாசற்படியைத் தொட்டு ஜெயிக்கிறாள், மற்றவள் சிரித்துக்கொண்டே பின்னால் வந்துசேர்கிறாள். பெண் விடுதலையின் வேகம் என்றெல்லாம் அதைப் பாராட்டினார்கள். கல்லூரி விழாக்களில் வாசிக்கச் சொன்னார்கள். பின்னால் வந்த சிறுமி என் வகுப்புத் தோழி. இப்போது செவிலியராக இருக்கிறாள். பெயர் எழுத வேண்டாம் என்றாள். தொகுப்பு வந்து பல வருடங்கள் கழித்து அதைப் படித்தவள் சொன்னாள்: "நல்லா இருக்கு புள்ள. ஆனா நான் ஏன் பின்னாடி வந்தேன்னு இதுல இல்லையே."

அவள் என்னைவிட வேகமாக ஓட்டுவாள். அவளுடைய அண்ணனின் பழைய சைக்கிள், பிரேக் கட்டை தேய்ந்தது. தைலமரக்காட்டில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள். கண்மாய்க் கரையில் அவள் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பேன். ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில் வந்ததும் அவள் இறங்கிவிடுவாள். அங்கிருந்து எங்கள் தெரு. அதைத் தாண்டித்தான் அவர்களுடைய காலனிக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் அவர்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருமுறை அவளுடைய அண்ணன் உட்கார்ந்து போனதற்குத் திண்ணையிலிருந்து வந்த குரல் என்னவென்று இருவருக்கும் தெரியும். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள். நான் அவளைக் கடந்து, மிதித்துக்கொண்டே போய், என் வீட்டுப் படியைத் தொட்டு, "ஜெயிச்சிட்டேன்" என்று கத்துவேன். நான்கு வருடங்கள், ஏறக்குறைய தினமும்.

"எல்லைய உங்க வீட்டு வாசல்ல வச்சது யாரு?" என்று கேட்டாள். நான்தான். கோயிலை எல்லையாக வைத்திருந்தால் பெரும்பாலான நாள் அவள் ஜெயித்திருப்பாள். அன்று அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவள் இறங்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தை நம்பித்தான் கண்மாய்க் கரையில் நான் பதறாமல் மிதித்தேன்.

தீண்டாமையின் வடிவங்களைப் பட்டியலிடும் கள ஆய்வுகளில் இரட்டைக் குவளை, செருப்பணியத் தடை ஆகியவற்றோடு ஊர்த்தெருவில் சைக்கிள் ஓட்டத் தடையும் வருகிறது. பெண்ணிய வாசிப்புகளில் சைக்கிள் வரும்போது விடுதலையின் சின்னமாக வருகிறது. ஒரே வண்டி, இரண்டு தனித்தனி அலமாரிகள். நானும் முனைவர் பட்டம் பெற்று, சங்கப் பாட்டில் யார் எந்தத் திணையில் நிற்கிறார்கள் என்று பாடம் நடத்திக்கொண்டு, என் சொந்தக் கவிதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமல் இருந்திருக்கிறேன். சாலையில் என்னை முந்திவிட்டுச் சாவகாசமாகப் போகும் ஆணைப் பற்றிக் கோபமாக எழுத எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். என் தோழி மெதுவாகித்தான் ஆகவேண்டிய இடத்தில் நான் வேகமாக இருந்தேன். அதற்கு வெற்றி என்று பெயர் வைத்தேன். பிறகு கவிதை என்றும்.

இதனால் வேகத்தின் மீதான ஆசையையே சந்தேகிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவளும் அப்படி நினைக்கவில்லை. தைலமரக்காட்டில் என்னை முந்திய ஒவ்வொரு நாளும் அவளுக்கு நினைவிருக்கிறது. சொல்லும்போது இப்போதும் சிரிக்கிறாள். பெண் முந்த ஆசைப்படுவதை எழுத வேண்டும், பயன் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் எழுத வேண்டும். அதோடு, பந்தயம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அந்த எல்லையைக் குறித்தது யார், நடுவில் இறங்கி உருட்ட வேண்டியவள் யார் என்று கேட்காமல் எந்தப் பெண்ணின் வெற்றியையும் பெண்ணின் வெற்றி என்று படிக்கக்கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. என் மாணவிகளில் பலர் அதில் பள்ளிக்குப் போனவர்கள். "உங்க ஊர்ல எந்த இடத்துல இறங்கினீங்க?" என்று இப்போது கேட்கிறேன். சிலர் கேள்வியே புரியாமல் பார்க்கிறார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். யார் யார் எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தோழியிடம் அந்தக் கவிதையை மறுபதிப்பில் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"திருத்தாத. நீ அன்னைக்கு அப்படித்தான் பாத்த. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல இதையும் எழுதி வையி."