விட்டோ, வேலு: இரண்டு நடிப்புகள், ஓர் அலசல்

பழைய ஹாலிவுட் படங்களை ரசிகர்கள் இணையத்தில் கூடிப் பார்க்கும்போது, மும்பைத் தமிழர்களுக்கு மற்ற எவருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. 1972-இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ படத்துக்கு அவர்கள் ஊரிலேயே ஒரு ஜோடிப் படம் இருக்கிறது. 1987 தீபாவளிக்கு வெளிவந்த மணி ரத்னத்தின் ‘நாயகன்’ தாராவியில் நடக்கும் கதை. ஒன்றில் மார்லன் பிராண்டோ, மற்றதில் கமல் ஹாசன். இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில், ஒரே கூட்டத்தோடு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ‘கமல் பிராண்டோவைப் பார்த்து நடித்தார்’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் தீர்ப்பு நிற்கவில்லை.

கூடிப் பார்ப்பதற்கு மும்பையில் பழைய வழக்கம் உண்டு. ஆனால் கூட்டங்கள் தனித்தனி. ஹாலிவுட் படம் என்றால் தென் மும்பைக்குப் போக வேண்டியிருந்தது. 1933-இல் திறந்த ரீகல், 1938-இல் எம்.ஜி.எம். நிறுவனமே கட்டிய மெட்ரோ, அதே ஆண்டு வந்த ஈராஸ் எல்லாம் அங்கேதான். தமிழ்ப் படம் என்றால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் அரோரா. அங்கே ரஜினி படத்துக்குக் கட்–அவுட், பாலாபிஷேகம், விசில். தாராவிச் சந்துகளில் வீடியோ பார்லர்கள் இருந்தன. மாட்டுங்காவின் அலுவலகக் குடும்பங்கள், செம்பூரின் குடியிருப்புகள், தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வேர்விட்டவர்கள் என மூன்று தமிழ் மும்பைகளும் ஒரே கொட்டகையில் ஒரே ஆங்கிலப் படத்தைப் பார்ப்பது அரிதாக இருந்தது.

2020 மார்ச்சில் திரையரங்குகள் மூடப்பட்டன. இடையில் பாதி இருக்கைகளோடு சிறிது காலம் திறந்து, மறுபடி மூடி, மகாராஷ்டிரத்தில் அவை மீண்டும் திறந்தது 2021 அக்டோபர் 22-இல்தான். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் இது: ‘நெட்ஃபிலிக்ஸ் பார்ட்டி’ போன்ற ஓர் உலாவி இணைப்பு எல்லாருடைய திரையையும் ஒரே நொடியில் ஓட வைக்கும், ஒருவர் நிறுத்தினால் எல்லாருக்கும் நிற்கும், ஓரத்தில் அரட்டைப் பெட்டி. பின்னர் அதன் பெயர் ‘டெலிபார்ட்டி’ ஆனது. அது இல்லாதவர்கள் கைபேசியில் குழு அழைப்பைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் படத்தை ஓட விடலாம். இணைய வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவர் சிரிப்பது மற்றவர் காதில் காட்சிக்கு முன்பே விழும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். கொட்டகையில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: நடிகரின் முகத்தை நிறுத்தி, பத்து நொடி பின்னே போய், ‘இப்போது கையைப் பார்’ என்று ஒருவர் மற்றவருக்குக் காட்ட முடிகிறது. நடிப்பை அலசுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு சாதாரண ரசிகனுக்கு முன்பு வாய்த்ததில்லை.

முதலில் இரு நடிகர்களும் சுமந்த பாரத்தை அளக்க வேண்டும். ‘காட்ஃபாதர்’ 175 நிமிடப் படம். அதில் விட்டோ கார்லியோனாக வரும் பிராண்டோ, நடுப்பகுதியில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறார். கதையின் பெரும்பங்கை அல் பசினோ நடிக்கும் மகன் மைக்கேல் தூக்கிச் செல்கிறார். விட்டோ நமக்கு அறிமுகமாகும்போதே முடிந்து முழுமையான மனிதர். மகள் கல்யாணத்தன்று நாற்காலியில் உட்கார்ந்து மனுக் கேட்கும் முதியவர். அவர் எப்படி அப்படி ஆனார் என்பதை 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ராபர்ட் டி நிரோ நடித்துக் காட்டினார். ஒரே பாத்திரத்துக்காக இரண்டு பேருக்கு ஆஸ்கர் அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

கமலுக்கு டி நிரோ கிடையாது. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் வளர்ந்து நிற்கும் இடத்திலிருந்து, பேரன் கையைப் பிடித்துப் பேசும் கிழவர் வரை, வேலுவாக வருவது ஒரே ஆள். கிரிக்கெட் பாஷையில் சொன்னால், பிராண்டோ கடைசி ஓவர்களில் இறங்கி ஆட்டத்தின் போக்கையே மாற்றியவர்; கமல் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை நின்று ஆடியவர். படம் வெளிவந்தபோது அவருக்கு 32 வயது, 33 முடிய இரண்டு வாரம் பாக்கி. படப்பிடிப்பின்போது 47 வயதான பிராண்டோ அறுபது தாண்டியவராக மாற ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளைக் கடந்தால் போதும். கமல் அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டியிருந்தது.

பிராண்டோவின் கருவிகள் எல்லாம் பதிவில் உள்ளவை. சோதனைப் படப்பிடிப்பில் கன்னத்துக்குள் அடைப்பு வைத்துக்கொண்டார். படத்துக்கு அதற்காகவே ஒரு பல் கவசம் செய்யப்பட்டது. ஒப்பனை டிக் ஸ்மித்துடையது. ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேலே வைத்ததால் கண்குழிகளில் இருட்டு விழுந்தது. விட்டோ என்ன நினைக்கிறார் என்பது பார்ப்பவருக்கு மறைந்தே இருக்கும். வசனங்களை அட்டையில் எழுதி எதிரே வைத்துப் படிப்பது பிராண்டோவின் வழக்கம். அதனால் கண் எதையோ தேடுவது போல ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் பாத்திரத்துக்குக் கனம் சேர்த்துவிட்டது. மடியில் இருந்த பூனை ஸ்டுடியோவில் திரிந்தது. இயக்குநர் கொப்பொலா அதை அவர் கையில் கொடுத்தார். கொலைப் பேச்சு நடக்கும்போது விரல் பூனையின் கழுத்தை வருடுகிறது. அந்தக் காட்சியை நிறுத்திப் பார்க்காத குழு இருக்க முடியாது.

கமல் கருவிகளைக் குறைத்துக்கொண்டு உடலை மாற்றினார். இளம் வேலுவின் கழுத்து முன்னே நீண்டிருக்கிறது, கண் எப்போதும் வாசலைப் பார்க்கிறது. நடுவயதில் தோள் அகன்று நடை மெதுவாகிறது. முதுமையில் குரல் மூக்கின் பக்கம் ஏறி, சொற்களுக்கு இடையே மூச்சு இழுக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் ஒளியும், சென்னையில் தாராவியை எழுப்பிய தோட்டா தரணியின் அரங்கமும் அவருக்குத் துணை. இந்தப் படத்துக்காக மூன்று பேருமே தேசிய விருது பெற்றனர். குறையும் உண்டு. முதுமைக் காட்சிகள் சிலவற்றில் நடையும் தலையசைப்பும் யோசித்துச் செய்தவை என்று தெரிகிறது. பிராண்டோவிடம் அந்தத் தையல் கண்ணில் படுவதில்லை. உறைந்த சட்டகத்தில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும். ரசிகர்கள் அதை ஒப்புக்கொள்வது கமலுக்கு இழுக்கு அல்ல.

அடுத்து, இரண்டு படத்திலும் பொதுவாக வரும் காட்சிகள். மகனின் பிணம் முதலாவது. மகன் சன்னி சுங்கச் சாவடியில் சல்லடையாக்கப்பட்ட பிறகு, விட்டோ பிணத்தைச் சவ அடக்கம் செய்பவரிடம் கொண்டு போகிறார். தாய் பார்க்கும் நிலைக்கு உடலைச் சீராக்கிக் கொடு என்பதே வேண்டுகோள். பிராண்டோ துணியை விலக்கிப் பார்க்கிறார், முகம் ஒரு நொடி உடைகிறது, குரல் தழதழக்கிறது, அவ்வளவுதான். அதிகாரம் தந்த அமைதி அது. அழுவதற்கும் அவர் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்.

வேலு, தீயில் கருகிய மகன் சூர்யாவைப் பார்க்கும்போது வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, மூச்சு உடைந்து, அழுகை என்று கூடச் சொல்ல முடியாத ஒலியாகிறது. இதை மிகை என்பவர்கள் உண்டு. மேடைப் பலகுரல் கலைஞர்கள் அதைப் பிரதி எடுத்துத் தேய்த்ததும் உண்மை. ஆனால் படத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்து வந்தவருக்கு அது மிகையாகத் தெரியாது. வேலு அதற்கு முன் தந்தையை, வளர்த்தவரை, மனைவி நீலாவைப் பறிகொடுத்தவர். ஒவ்வொரு சாவுக்கும் அவர் அழுகைக்குப் பதிலாகப் பழிவாங்கலையே செய்திருக்கிறார். சூர்யாவின் சாவுக்கு யாரிடமும் பழிவாங்க முடியாது. அவனை இந்தத் தொழிலுக்குள் விட்டது அவரே. இத்தனை ஆண்டு அடைத்து வைத்ததெல்லாம் அந்த ஒலியில் வருகிறது. பிராண்டோ ஒரு சாவுக்கு அழுகிறார், கமல் நான்கு சாவுக்கு அழுகிறார்.

இரண்டாவது, நியாயம் கேட்டு வருபவர். ‘காட்ஃபாதர்’ தொடங்குவதே மகளை அடித்துச் சிதைத்தவர்களைத் தண்டிக்கக் கேட்கும் பொனசேராவோடு. ‘நாயக’னில் அதே வேண்டுகோளோடு வருபவர் இந்தி பேசும் ஒரு காவல் அதிகாரி. வேலுவின் தந்தையைக் கொன்றதும் காவல் துறை, வளர்த்தவரைப் பறித்ததும் காவல் துறை. இன்ஸ்பெக்டர் கேல்கரை ஊர் பார்க்க அடித்துக் கொன்றதில்தான் வேலு நாயக்கரே பிறந்தார். அந்தச் சீருடை இப்போது கைகூப்பி நிற்கிறது. இங்கே பிராண்டோவுக்கு இல்லாத ஒரு பிரச்சினை கமலுக்கு இருக்கிறது: வேலுவுக்கு இந்தி தெரியாது. டெல்லி கணேஷ் நடித்த ஐயர்தான் பெயர்த்துச் சொல்கிறார்.

படத்தின் ஆகச் சிறந்த நடிப்பு இப்படிப்பட்ட காட்சிகளில் இருக்கிறது. அதிகம் பேசப்படாததும் அதுதான். புரியாத மொழியைக் கேட்கும்போது ஒரு மனிதன் எங்கே பார்ப்பான்? கமல் பேசுபவரின் வாயைப் பார்ப்பதில்லை, கண்ணையும் கையையும் பார்க்கிறார். ஐயர் வாயெடுக்கும் முன்பே பாதி முடிவு எடுத்தாகிவிடுகிறது. ஐயர் தமிழில் சொல்லி முடிக்கும் அந்த இடைவெளியை வேலு யோசிக்கும் நேரமாக ஆக்கிக்கொள்கிறார். பலவீனம் அதிகாரமாக மாறும் இடம் அது. டெல்லி கணேஷும் வெறும் சொல்மாற்றி அல்ல. கடுமையான வார்த்தையை ஐயர் எவ்வளவு பணிவாகக் கொடுக்கிறார் என்று கவனித்தால் அந்த நடிகரின் அளவு தெரியும். ரேஷன் கடையிலும் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போய்ப் பேச வைத்த முதல் தலைமுறைத் தாராவிக்காரருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாட்டுங்காவில் ஆங்கிலமும் இந்தியும் கற்றவருக்கு ஐயரின் இடத்தில் நின்று பார்க்கத் தோன்றும். மூன்று பகுதிகளிலும் இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் பார்க்கும்போது இந்த இரண்டு கோணமும் அரட்டைப் பெட்டியில் அடுத்தடுத்து விழும்.

படத்தின் கதையும் மும்பையில்தான் வேர்விட்டது. மணி ரத்னம் மும்பை ஜம்னாலால் பஜாஜ் நிறுவனத்தில் நிர்வாகம் படித்தவர். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வட்டாரத்தில் செல்வாக்கோடு இருந்த வரதராஜ முதலியாரைப் பற்றி அப்போது கேட்டது படத்துக்கு வித்தானது. தூத்துக்குடிக்காரர், விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர், கள்ளச் சாராயத்தில் வளர்ந்தவர், மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் வைத்த விநாயகர் பந்தல் ஊரறிந்தது. படம் வந்த சில மாதங்களில், 1988 ஜனவரியில், சென்னையில் இறந்தார். ‘நாயகன்’ கதையின் எலும்புக்கூடு ‘காட்ஃபாத’ருக்கு மூலமான பூசோவின் நாவலிலிருந்து வரவில்லை என்பதற்கு இதுவே போதும். கொப்பொலாவிடமிருந்து வந்தவை சில காட்சிகளின் அமைப்பு.

மூன்றாவது ஒப்பீடு சுருக்கமானது, ஆனால் கமலுக்குச் சாதகமானது. விட்டோவை அவர் பெற்ற பிள்ளைகள் யாரும் நேருக்கு நேர் நிறுத்தி, நீ செய்வது சரியா என்று கேட்பதில்லை. வேலுவை மகள் சாருமதி கேட்கிறாள். முதலில் அதட்டல், பிறகு நியாயப்படுத்தல், பிறகு தன்னை இப்படி ஆக்கியவர்கள் முதலில் நிறுத்தட்டும் என்ற பிடிவாதம், கடைசியில் பேச எதுவும் மிஞ்சாத முகம். ஒரே காட்சியில் நான்கு படி இறங்க வேண்டிய நடிப்பு அது. பிராண்டோவுக்கு எழுதிக் கொடுக்கப்படாத பக்கம்.

இரு படத்திலும் முடிவருகே ஒரு பேரன் வருகிறான். விட்டோ தக்காளித் தோட்டத்தில் ஆரஞ்சுத் தோலைப் பல்லாக வைத்துப் பேரனைப் பயமுறுத்துகிறார், பிறகு சாய்கிறார். எத்தனை பேரைக் கொல்லச் சொன்னவர், இயற்கையாக, வெயிலில், விளையாட்டின் நடுவே சாகிறார். வேலுவிடம் பேரன் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான்; தெரியவில்லை என்கிறார் தாத்தா. கமல் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் உதட்டை ஒரு முறை அசைத்து நிறுத்துகிறார். வேறு ஒரு பதில் வந்து போன தடம் அது. நீதிமன்றம் விடுவித்த பின், வாசலில் அவரைச் சுடுவது கேல்கரின் மகன் அஜித். வேலுவின் தயவில் வளர்ந்தவன். ஊர் மன்னித்தது, சட்டம் விட்டது, அந்தப் பழைய கொலை மட்டும் விடவில்லை.

மூன்றாவது இரவுக்கு இடமிருந்தால், குழு பார்க்க வேண்டியது ‘தயாவான்’. 1975-இல் ‘தர்மாத்மா’ என்று ‘காட்ஃபாத’ரை இந்திக்குக் கொண்டு வந்த ஃபெரோஸ் கான், 1988-இல் ‘நாயக’னையும் வினோத் கன்னாவை வைத்து இந்தியில் எடுத்தார். கதை அப்படியே இருக்கிறது, நடிகரும் தேர்ந்தவர். ஆனால் படம் முழுக்க இந்தியில் பேசும் நாயகனுக்கு ஐயர் தேவைப்படுவதில்லை. அந்நிய மொழியைக் கேட்டுக்கொண்டு முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருக்கும் வேலு அதில் இல்லை.