மிச்சமா, பங்கா? – வேஷப் பெட்டியை முன்வைத்துச் சில கேள்விகள்

நாடகம், சினிமா பற்றிய கருத்தரங்குகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. மேடைச் சாமான்களை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் எறியக் கூடாது, குழுக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும், பழையதைத் திருத்தித் திரும்பவும் புழங்க வேண்டும், அப்போதுதான் பூமி பிழைக்கும் என்கிறார்கள். நியூயார்க்கில் பிராட்வே நாடகக்காரர்கள் 2008இல் இதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2021இல் 'தியேட்டர் கிரீன் புக்' என்று ஒரு வழிகாட்டி வந்தது. ஒரு நாடகத்துக்கு வேண்டிய பொருள்களில் பாதியாவது ஏற்கெனவே புழங்கியதாக இருக்க வேண்டும், நாடகம் முடிந்த பிறகு 65 சதவிகிதமாவது மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும் என்பது அதன் தொடக்க அளவுகோல்.

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. சினிமாவுக்கும் மேடைக்கும் போடுகிற செட்டில் பாதி தெர்மாகோல், பிளைவுட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தெர்மாகோல் மக்காது. எரித்தால் நஞ்சு. சென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போகிறது. அந்த மேட்டில் குனிந்து பொறுக்குகிறவர்கள் யார், அந்தப் புகையில் மூச்சு விடுகிறவர்கள் யார், லாரியில் அள்ளிப் போடுகிறவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் மேடையின் குப்பை நம்ம சனங்க தலையில்தான் வந்து விழுகிறது. ஆகவே 'எறியாதே' என்ற கோரிக்கை மற்றவர்களைவிட நமக்குத்தான் முதலில் வேண்டும்.

என் சந்தேகமெல்லாம் 'பகிர்தல்' என்ற அந்த அடுத்த சொல்லின்மேல்தான். சாதி இருக்கிற நாட்டில் ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சும்மா போவதில்லை. மேலிருந்து கீழே போகும். கீழிருந்து மேலே வராது. போனதற்குப் பெயர் பகிர்வு இல்லை, மிச்சம்.

மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். சண்டாளர்களுக்குப் பிணத்தின்மேல் கிடந்த துணியே உடை, உடைந்த பாத்திரமே உண்கலம், நகையென்றால் இரும்பு என்று 52ஆம் சுலோகம் விதிக்கிறது. உழைக்கிற சூத்திரனுக்கு எச்சில் சோறும் பழந்துணியும் கொடு என்கிறது 125ஆம் சுலோகம். ஒரு நாடகத்தின் சாமான் பட்டியல் மாதிரியே இல்லையா? மறுபயன்பாடு என்பதை நமக்குச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகளையும் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. ஊரையே ஒரு மேடையாக்கி, யார் எந்த வேஷத்தில் எந்தச் சாமானோடு வரலாம் என்று ஒரு கும்பல் முடிவு செய்திருக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் சிலருக்கு இன்றைக்கும் ஏன் கண்ணை உறுத்துகிறது என்பதற்கு இந்தப் பட்டியலே பதில்.

ஆகவே நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்தச் சாமான் எனக்கு வருவது மிச்சமாகவா, பங்காகவா?

வேஷப் பெட்டி

வடமாவட்டக் கூத்தை எடுத்துக்கொள்வோம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கியவை. மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டுவார்கள். சில்லு விழுந்தால் ஒட்டுவார்கள், சாயம் போனால் பூசுவார்கள். அப்பன் கட்டிய கட்டையை மகன் கட்டுவான். இன்றைக்குத் துரியோதனன் தலையில் இருந்த கிரீடம் நாளைக்கு இரணியன் தலையில் இருக்கும். உள்ளே சுற்றுகிற துணியெல்லாம் வீட்டுப் பழம்புடவை. நான் பழகிய ஜமாக்களில், கிடைத்த பணத்தைப் பிரிக்கும்போது ஆட்களுக்குப் பங்கு போட்டதுபோல் பெட்டிக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். அந்தப் பங்கில்தான் கிரீடத்தின் சில்லு ஒட்டப்படும். இங்கிலாந்துக்காரன் புத்தகம் போட்டுச் சொல்வதை இவர்கள் புத்தகம் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சாமான் படுகளத்துத் துரியோதனன். திரௌபதையம்மன் திருவிழாவின் கடைசியில் மைதானத்தில் மண்ணைக் குவித்து ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாக ஓர் உருவம் படுக்க வைப்பார்கள். கூத்து முடிந்ததும் அது மண்ணோடு மண். குப்பை ஒரு பிடி கிடையாது.

இதோடு நிறுத்திக்கொண்டால் 'நம் முன்னோர்கள் எவ்வளவு அறிவாளிகள்' என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். பலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மண்துரியோதனன் எந்தக் கோயில் மைதானத்தில் படுத்திருக்கிறான்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதையம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஒரு பொதுக் கோயிலுக்குள் நுழைய நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மண் பொது, துரியோதனன் பொது, விடிய விடிய விழித்துப் பார்க்கிற கண்ணும் பொது. வாசல் மட்டும் பொது இல்லை. சூழலுக்குக் கேடில்லாத கலை, சாதிக்கும் கேடில்லாத கலையாகவே இருந்துவிட முடியும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

எது பெட்டிக்குள், எது வெளியே

எந்தச் சாமானைப் பத்திரப்படுத்துகிறார்கள், எதை எறிகிறார்கள் என்று கவனித்தால் அரங்கின் சாதி கண்ணுக்குத் தெரியும்.

அரிச்சந்திரன் மயான காண்டத்தைப் பார்க்காத சேரி உண்டா? ராஜாவாக இருந்தவன் சுடுகாட்டுக் காவலுக்கு வருகிறான். பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்டாட்டியிடமே கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கதையின் உயிரே அங்கேதான். ஆனால் ராஜா அரிச்சந்திரனின் கிரீடத்துக்குப் பெட்டியில் துணி சுற்றி இடமிருக்கிறது. வெட்டியான் அரிச்சந்திரனின் தடியை ஆட்டத்துக்கு முன்னால் வேலியோரத்தில் ஒடித்துக்கொள்கிறார்கள், விடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அது கணக்கில் வராத சாமான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு வாடகைக்கு வருகிற சீன்களிலும் இதே கதைதான். தர்பார் உண்டு, நந்தவனம் உண்டு, காடு உண்டு, தெரு உண்டு. நான் பார்த்த வரையில் சேரி வரைந்த திரை ஒன்றுகூட இல்லை.

சினிமாவில் இது இன்னும் அப்பட்டம். வடபழனி, சாலிகிராமம் பக்கத்துக் குடோன்களில் சோபா, பழைய டெலிபோன், கோர்ட்டு மேஜை, பண்ணையார் வீட்டு ஊஞ்சல் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே ஊஞ்சல் படம் படமாக ஆடிக்கொண்டிருக்கும். கீறல் விழுந்தால் காசு கட்ட வேண்டும். குடிசை அப்படியா? போட்டு, படம் பிடித்து, கிளைமாக்ஸில் கொளுத்திவிடுவார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மண் இது. ஊஞ்சல் திரும்பப் போக வேண்டிய பொருள், குடிசை எரிய வேண்டிய பொருள் என்ற அந்தக் கணக்கை வெறும் தொழில் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்ட காட்சியும் உண்டு. 2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படம் ஒரு பெஞ்சின்மேல் இருக்கும் இரண்டு டீ கிளாஸில் முடிகிறது. நடுவே ஒரு பூ. எந்தக் குடோனிலும் வாடகைக்குக் கேட்க வேண்டாத, எந்த டீக்கடையிலும் கிடைக்கிற சாமான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனிக் கிளாஸும் கொட்டாங்குச்சியும் செய்த வேலை தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு கிளாஸ் எவ்வளவு கனம் என்று தெரியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றாகிவிடவில்லை. பகிர்தல் இன்னும் நடக்கவில்லை என்பதை அந்தப் படம் மறைக்கவும் இல்லை.

கடன் வாங்கும்போது

எங்கள் வீதிநாடகக் குழுவுக்கு ஒரு நாடகத்தில் ராஜா வேஷம் தேவைப்பட்டது. பக்கத்து ஊர் நாடக மன்றம் ஒன்றில் சாமான் இருந்தது. மற்ற குழுக்களுக்குக் கொடுப்பார்கள் என்று தெரிந்துதான் போனோம். திரையும் வாளும் எடுத்து வைத்த பெரியவர் கிரீடத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி, அது தலையில வெக்கிற சாமானாச்சே. வேற எதுனா கேளுங்க" என்றார். திரையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெளுப்புக் கூலி என்று தனியாக வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு முன்னால் அதே திரையை வாங்கிய குழுவிடம் அப்படி ஒன்றும் வாங்கவில்லை. பெரியவர் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார். வேர்வைக்கும் சாதி உண்டென்று மரியாதையாகவே சொன்னார்.

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்று 206ஆம் பாட்டைப் 'புலவரின் பெருமிதம்' என்று சொல்லித் தந்தார்கள். பரிசில் தராமல் காலம் கடத்துகிற அதியமானின் வாசலில் நின்று, எங்கே போனாலும் தனக்குச் சோறு உண்டு என்று ஔவை சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். இப்போது படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அவள் கருவியும் பையும் அவள் தோளிலேயே இருக்கின்றன. வாத்தியம் அரண்மனைச் சொத்தாக இருந்திருந்தால் அந்தப் பாட்டை அவள் பாடியிருக்க முடியுமா? சாமான் சொந்தமாக இருக்கிறவர்களுக்குத்தான் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பி நடக்கிற சுதந்திரம் உண்டு.

இதற்குத் தோழர்கள் சிலர் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். "சாமானே வேண்டாம் தோழர். வெறும் உடம்பு போதும்." குரோட்டோவ்ஸ்கியின் ஏழை அரங்கு பற்றிய புத்தகம் 1968இல் வந்தது. பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலத்தில் பட்டறை நடத்தினார். அதிலிருந்து தமிழில் வீதிநாடகம் எவ்வளவோ கற்றது. நாங்களும் துண்டை வைத்துக்கொண்டு நூறு பொருள் காட்டியவர்கள்தான். ஆனால் வசதி உள்ளவன் கழற்றி வைக்கிற நகையும், போடவே கூடாது என்று தடுக்கப்பட்டவள் போடாத நகையும் ஒன்றா? சேரியில் நாடகம் முடிந்ததும் ஆயா ஒருத்தி கேட்டாள்: "ஏம்பா, ராசாவுக்குக்கூட ஒரு கிரீடம் கெடைக்கலியா ஒங்களுக்கு?" ஜிகினாவுக்கும் நம் சனங்களுக்கு உரிமை உண்டு. எளிமை நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டாம்.

பொதுப் பெட்டி

ஆகவே சாமான்களைப் பகிர்வோம், முதலில் நமக்குள் பகிர்வோம் என்கிறேன். வட்டாரத்துக்கு ஒரு பொதுப் பெட்டி, ஒரு நோட்டு. எந்தக் குழு எதை எடுத்தது, எப்போது திருப்பியது, எது உடைந்தது என்று எழுத வேண்டும். கூத்து ஜமா மாதிரி ஒவ்வொரு நிகழ்ச்சிப் பணத்திலும் பெட்டிக்கு ஒரு பங்கு. தைக்கிறவருக்கும் தச்சருக்கும் அதிலிருந்து கூலி. தெர்மாகோல் உள்ளே வரக் கூடாது.

நம் வீட்டுப் பெண்களின் பெயரும் அந்த நோட்டில் வர வேண்டும். இத்தனை வருசம் நம் நாடகங்களில் வந்த சேலை, குடம், முறம், விளக்குமாறு எல்லாம் யார் வீட்டிலிருந்து வந்தவை? அம்மாவின் நல்ல சேலை சாயம் போய்த் திரும்பி வந்ததை எந்தக் கலைக்குழு கணக்கில் எழுதியது?

அடுத்தது கொஞ்சம் கசக்கும். பறையின் கட்டை தலைமுறை தாண்டும். தோல் கிழிந்தால் புளியங்கொட்டைப் பசை தடவிப் புதுத்தோல் கட்டலாம். பகிர்வதற்கென்றே பிறந்த வாத்தியம் அது. ஆனால் பறையர் குழு, பள்ளர் குழு, அருந்ததியர் குழு மூன்றும் ஒரே பெட்டியிலிருந்து அதை எடுக்குமா? எடுத்தால் தீ மூட்டிக் காய்ச்சுவது யார், சுமப்பது யார், மைக் முன்னால் நிற்பது யார்? 'தலையில் வைக்கிற சாமான்' என்று நம்மிடம் சொன்னதை நாம் இன்னொருத்தரிடம் சொல்லாமல் இருப்போமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாத பெட்டி, பொதுப் பெட்டி ஆகாது.

வெளியார் சாமான் கொடுத்தால் வாங்கலாம். நாம் கொடுப்பதை அவர்களும் வாங்கிக் கட்டிக்கொண்டால் அது பகிர்வு. ஒருவழிப் பாதையென்றால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம்.

தை பிறந்தால் கூத்துக் காலம் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் குழுவிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள் தோழர்களே. கிரீடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. வெட்டியான் தடி, கொட்டாங்குச்சி, டீ கிளாஸ் என்று இதுவரை யாரும் சாமானாகவே மதிக்காதவற்றையும் வரிசை எண் போட்டு எழுதுங்கள். இந்த முறை அவற்றை விடிந்ததும் எறிந்துவிட்டு வராதீர்கள்.