பேகனின் பாத்திரத்தாள்: மீநாயக மேசை விளையாட்டுகளும் புறநானூற்றுக் கொடைமடமும்

ஆய்வுச் சுருக்கம்

முன்பே அறியப்பட்ட மீநாயகன் ஒருவனை மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுக்குரிய மாந்தனாக மாற்றும்போது, அவனுடைய ஆற்றல்கள் எண்களாகவும் குறைகள் புள்ளிகளாகவும் பெயர்க்கப்படுகின்றன. இம்முறை, பழனிமலைத் தலைவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமாகிய வையாவிக் கோப்பெரும் பேகனுக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புறநானூற்றின் 141 முதல் 147 வரையுள்ள ஏழு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு, பேகனின் சிறப்பு அவனது ஆற்றலின் அளவில் இல்லை. பிறர் அவனிடம் எதனைக் கேட்கும் உரிமை பெற்றிருந்தனர் என்பதில் உள்ளது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பேகன், கொடைமடம், மீநாயகன், பாத்திரமேற்பு விளையாட்டு, தழுவல், பெருந்திணை, பழனிமலை.

1. முன்னுரை

சூப்பர் ஹீரோ என வழங்கப்படும் மீநாயகர்களைத் தமிழ் வாசகர்கள் தழுவல் வழியாகவே அறிந்தனர். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ ஆங்கிலச் சித்திரக்கதை ஒன்றின் தமிழ் வடிவமாகும். அங்கு நாயகன் மொழி மாறினானேயன்றி வடிவம் மாறவில்லை. மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் நிகழும் தழுவல் வேறு வகையானது. இதில் ஒருவர் நெறியாளராக அமர்ந்து சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் முடிவெடுத்தும் கதையை வளர்ப்பர். ஐயமான செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் இயல்பு முழுவதும் ஒரு தாளில் எழுதப்படும். இதுவே பாத்திரத்தாள்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974-இல் அமெரிக்காவில் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியாகும். மீநாயகர்களுக்கெனவே ‘சாம்பியன்ஸ்’ 1981-இலும், ஜெஃப் கிரப் வடிவமைத்த ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ 1984-இலும் வெளிவந்தன. ஏற்கெனவே கதையில் வாழும் நாயகனை எவ்வாறு தாளில் எழுதுவது என்னும் வினாவுக்கு இவை விதிகளாக விடை தந்தன. தமிழ் மரபின் நாயகன் ஒருவனை அவ்விதிகளில் இட்டுப் பார்த்தால், விதிகளின் எல்லையும் நாயகனின் இயல்பும் ஒருங்கே புலப்படும் என்பது இக்கட்டுரையின் எடுகோள்.

2. எண்ணாகிய முருகன்

பழனிமலைக்கும் இவ்விளையாட்டுக்கும் இடையே ஒரு தொடர்பு ஏற்கெனவே உண்டு. ஜேம்ஸ் வார்டும் ராபர்ட் குன்ட்ஸும் எழுதி 1980-இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்னும் விதிநூலில், இந்தியத் தொன்மங்கள் பற்றிய பகுதியில் கார்த்திகேயன் ஒரு பதிவாக இடம்பெற்றுள்ளான். அந்நூலின் ஏனைய தெய்வங்களைப் போலவே அவனுக்கும் கவசத்தின் தரம், தாங்கக்கூடிய அடிகளின் அளவு, தாக்குதல்களின் எண்ணிக்கை ஆகியவை வரையறுக்கப்பட்டன.

இதனை வழிபாட்டுணர்வு சார்ந்த குறையாக மட்டும் கொள்வது போதாது. இலக்கிய நோக்கில் எழும் வினா வேறு: எந்த முருகன் எண்ணாக மாறினான்? போர்த்தெய்வமாகிய கார்த்திகேயனுக்குத் தாக்குதல் எண்ணிக்கை ஓரளவு பொருந்தலாம். பழனியில் நிற்பவனோ தண்டாயுதபாணி. கோவணமும் கோலும் கொண்டு, உலகியல் வேட்கையை நீத்து நிற்பவன். அவனது பெருமை அவன் துறந்தவற்றால் அறியப்படுகிறது. பாத்திரத்தாளிலோ உடைமைகளுக்குக் கட்டங்கள் உண்டு. துறந்தவற்றுக்குக் கட்டம் இல்லை. இவ்விடைவெளியே அதே மலையின் சங்ககாலத் தலைவனுக்கும் உரியது.

3. கொடைமடம் அறிவுக்குறையா?

ஆவியர் குடியினர்க்குரிய பொதினியை அகநானூற்றின் முதற்பாடல் குறிப்பிடுகிறது. அதுவே இன்றைய பழனி என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அக்குடியில் தோன்றிய பேகன், மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்றே இன்று நினைக்கப்படுகிறான். சிறுபாணாற்றுப்படை எழு வள்ளல்களைத் தொகுத்துரைக்கும்போது ஒவ்வொருவரையும் ஓர் அடையாளச் செயலால் சுட்டுகிறது: பாரிக்கு முல்லையும் தேரும், அதியமானுக்கு நெல்லிக்கனி, பேகனுக்கு மயிலும் ஆடையும். ஒரு பொருளாலும் ஒரு செயலாலும் நாயகனை நிலைநிறுத்தும் இம்முறை மீநாயகக் கதைகளின் முறையை ஒத்தது. எனவே பேகனைப் பாத்திரமாக்குவது எளிது எனத் தோன்றலாம்.

சிக்கல் அடுத்த படியில் எழுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வலிமை, அறிவு, மெய்யறிவு, உடலுறுதி, விரைவு, ஈர்ப்பு என்னும் ஆறு பண்புகள் உண்டு. தொடக்கமுறையில் மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை மதிப்பு இடப்பட்டது. மயிலுக்குப் போர்வை தந்தவனுக்கு மெய்யறிவில் எத்தனை இடுவது? மயில் குளிரால் நடுங்குவதாகத் தவறாக எண்ணினான் என்னும் சிறுவர் கதை வடிவத்தை ஏற்பவர் குறைந்த எண்ணையே இடுவர். கொடைமடம் என்னும் சொல்லில் ‘மடம்’ இருப்பதும் அதற்குச் சான்றாகத் தோன்றும்.

பாடல்கள் இம்முடிவை மறுக்கின்றன. பரணர் பாடிய இரண்டு பாடல்கள் இச்செயலை இரு வேறு கோணங்களில் கூறுகின்றன. 145-ஆம் பாடலில், மயில் குளிரால் வருந்தும் என்று இரங்கிப் பேகன் ஆடை ஈந்தான். 141-ஆம் பாடலிலோ, மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என்பதை அறிந்திருந்தும் ஈந்தான். அறிந்தே கொடுத்தவனை அறியாதவன் எனக் கணக்கிடுதல் பிழையாகும். ஒரே புலவரின் இவ்விரு கூற்றுகளையும் ஒன்றாக்க வேண்டிய தேவையில்லை. ஒன்று இரக்கத்தையும் மற்றொன்று பயன்கருதாமையையும் முன்னிறுத்துகிறது. சிறுவர் கதை இரண்டாவதை விட்டுவிட்டது.

142-ஆம் பாடல் இன்னும் தெளிவானது. வற்றிய குளத்திலும் அகன்ற வயலிலும் பெய்வதோடு உவர்நிலத்திலும் பெய்துவிடும் மழைக்குப் பேகனின் ஈகை ஒப்பிடப்படுகிறது. அவனிடம் கொடைமடம் உண்டு. படைமடம் இல்லை என்பது பாடலின் முடிவு. பரணர் இங்குச் செய்திருப்பது ஒருவகைப் பண்புப் பகுப்பே. ஆனால் ஒரே மனிதனின் அறிவுக்கு ஒரே எண்ணை அவர் இடவில்லை. களத்துக்குக் களம் அறிவு வேறாக இயங்குகிறது. போர்க்களத்தில் ஆய்ந்து நடப்பவன் கொடைக்களத்தில் ஆய்வதை வேண்டுமென்றே நிறுத்துகிறான். மடம் என்பது இங்குக் குறையன்று, மேற்கொண்ட ஒழுக்கம்.

4. குளிரின் இடம்: பழனியா, கொடைக்கானலா?

விளையாட்டுக்கு நிலப்படம் வேண்டும். போர்வை தரும் நிகழ்வை எங்கு அமைப்பது என்னும் வினா அற்பமானதன்று. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலில், உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் அதனை அமைக்க வடிவமைப்பாளர் விரும்பக்கூடும். காட்சி அழகாக அமையும். போர்வைக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

ஆனால் மயில் பெரிதும் தாழ்நிலங்களிலும் அடிவாரக் காடுகளிலும் வாழும் பறவை. சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையை மலைச்சாரலிலேயே வைத்துப் பேசுகிறது. கடுங்குளிர் நிலத்துக்கு நிகழ்வை மாற்றினால், பேகனின் செயல் தேவைக்கேற்ற உதவியாக, யாரும் ஏற்கத்தக்க நியாயமாகச் சுருங்கிவிடும். சாரலின் மென்குளிரில், போர்த்திக்கொள்ளாத ஒரு பறவைக்குத் தருவதில்தான் கொடைமடம் உள்ளது. நிலம் மாறினால் உரிப்பொருளும் மாறும் என்பது தமிழ்ப் பொருளிலக்கணம் அறிந்தோர்க்குப் புதிதன்று.

5. சேமிக்கப்படாத அறம்

மார்வெல் சூப்பர் ஹீரோஸ் விளையாட்டில் ‘கர்மா’ என்றொரு கணக்கு உண்டு. நற்செயலால் அது பெருகும்; தீச்செயலால் குறையும்; நாயகன் கொலை செய்தால் முற்றிலும் அழியும். சேர்த்த கர்மாவைச் செலவிட்டுப் பகடையின் விளைவை உயர்த்திக்கொள்ளலாம். நாயகனின் ஒழுக்கத்தை விதிக்குள் கொணர்ந்த வகையில் இது குறிப்பிடத்தக்க முயற்சி. மீநாயகன் ஏன் கொல்வதில்லை என்பதற்கு அறிவுரை கூறாமல் ஆட்டத்தின் வழியாகவே இது விடை தருகிறது.

பேகனுக்கு இக்கணக்கு பொருந்தாது. எவ்வளவு சிறிதாயினும் ஈதல் நன்று என்று கருதி மறுமைப்பயனை நோக்கிக் கொடுப்பவன் அல்லன்; பிறர் வறுமையை நோக்கிக் கொடுப்பவன் என்று 141-ஆம் பாடல் அவன் கொடையை வரையறுக்கிறது. மறுமைக்கெனச் சேமிக்காத ஈகையை அடுத்த பகடைக்கெனச் சேமிக்கச் செய்வது, இந்தியச் சொல்லொன்றைக் கொண்டே தமிழ்ப் பாடலின் மையக் கருத்தைத் தலைகீழாக்குவதாகும். போர்வையைத் தந்த பேகனுக்குப் புள்ளிகள் கிடைக்குமாயின் அது கொடையன்று, முதலீடு.

6. கண்ணகியும் ‘சார்ந்தோர்’ விதியும்

பேகனைப் பற்றிய மயில் கதை பரவிய அளவுக்கு 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் பரவவில்லை. பேகன் தன் மனைவியைப் பிரிந்து வேறொருத்தியை நாடிச் சென்றான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் ஐந்து பாடல்களில் அவனை இடித்துரைக்கின்றனர். இவற்றுக்குப் பெருந்திணையும் குறுங்கலித்துறையும் வகுக்கப்பட்டுள்ளன. மனைவியின் பெயர் கண்ணகி என்பதைப் பாடலின் கொளுவே தருகிறது. இவள் சிலப்பதிகாரக் கண்ணகியின் வேறானவள்.

சாம்பியன்ஸ் விளையாட்டில் நாயகனின் குறைகளுக்கு ஈடாக, அவனை உருவாக்கக் கூடுதல் புள்ளிகள் வழங்கப்படும். அவனைச் சார்ந்து வாழும், ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய ஒருவரும் அத்தகைய குறைகளுள் ஒன்றாக எண்ணப்படுவார். இவ்விதியின்படி கண்ணகி பேகனின் தாளில் ஒரு வரியாவாள். அவளது துயரம் அவனுக்கு மேலும் ஆற்றல் வாங்கித் தரும். விதியின் நோக்கம் நாயகனைப் பற்றுகள் உள்ளவனாகக் காட்டுவதே. எனினும் விளைவு, கைவிடப்பட்டவளின் கண்ணீரைக் கைவிட்டவனின் மூலதனமாக்குவதாகும்.

பாடல்கள் எதிர்த்திசையில் செல்கின்றன. 144-ஆம் பாடலில், நீ பேகனுக்கு உறவினளா எனப் பாணர் வினவுகின்றனர். கண்ணீரைத் துடைத்தவாறு, தான் அவனுடைய கிளையைச் சேர்ந்தவள் அல்லள் என்கிறாள் அவள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் தேரேறி நாளும் செல்லும் ஊரைப் பற்றிப் பிறர் சொல்வதையும் கூறுகிறாள். ‘சார்ந்தோர்’ பட்டியலிலிருந்து அவளே தன் பெயரை நீக்கிக்கொள்கிறாள். இப்பாடல்களில் அவள் குரல் நேரடியாகக் கேட்கும் இவ்விடத்தை எந்தத் தழுவலும் தவறவிடலாகாது.

புலவர்களின் செயலும் கருதத்தக்கது. பசியால் வரவில்லை, சுற்றத்தின் சுமையாலும் வரவில்லை என்கிறார் பரணர் (145). அணிகலனும் செல்வமும் வேண்டா என்கிறார் அரிசில்கிழார் (146). தேரைப் பூட்டி அவளிடம் செல்வதே தாம் வேண்டும் பரிசில் என்பது அவர்கள் கோரிக்கை. கேட்டதை மறுக்காதவன் என்னும் அவனது புகழையே கருவியாக்கி, அவன் கொடுக்க விரும்பாத ஒன்றைக் கேட்கின்றனர். ஆராயாமல் கொடுக்கும் ஒழுக்கத்தின் உண்மையான சோதனை மயிலிடம் நிகழவில்லை, இவ்விடத்தில்தான் நிகழ்கிறது. மயிலுக்கு ஈந்தவன் மனைவிக்கு ஈவானா?

7. பேகனுக்கு ஏற்ற பாத்திரத்தாள்

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று வடிவமைப்பு நெறிகளைப் பெறலாம். முதலாவது, பேகனின் கொடைக்குப் பகடை தேவையில்லை. வறியவர் முன்வந்தால் அவன் கொடுப்பான் என்பது உறுதி. எதனை இழக்கிறான் என்பதே ஆட்டத்தின் வினா. தாளில் அவன் பெற்றவற்றோடு கொடுத்தவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வரிசைக்கு எவ்விதப் புள்ளியும் தரலாகாது.

இரண்டாவது, ஏனைய ஆட்டக்காரர்கள் அவனுடைய படைத்துணைவர்களாக அல்லாமல் பாணராகவும் புலவராகவும் அமைதல் வேண்டும். அவர்கள் கையிலுள்ள ஆற்றல் கேட்கும் உரிமையாகும். தலைவனின் புகழ் எந்த அளவுக்கு உயர்கிறதோ அந்த அளவுக்கு அவனிடம் கடினமானவற்றைக் கேட்க அவர்களுக்கு உரிமை பெருகும். இது பாடாண் திணையின் சமூக அடிப்படையை விதியாக்குவது மட்டுமே. புதிய கற்பனை அன்று.

மூன்றாவது, கண்ணகி தனித்தாள் உடைய பாத்திரமாக, ஓர் ஆட்டக்காரரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். தேர் வாயிலில் வந்து நின்றால் அவனை ஏற்பதா என்பதை முடிவுசெய்யும் உரிமை அவளுடையது. புலவர் நால்வரும் இவ்வினாவை எழுப்பவில்லை. பழம்பாடலிடம் மேசை சேர்த்துக் கேட்கத்தக்க வினா இது.

8. முடிவுரை

நாயகனைத் தழுவுதல் என்பது அவனால் இயல்வனவற்றைப் பட்டியலிடுதல் என்னும் கருத்தின் மீது மீநாயக விளையாட்டுகளின் விதிகள் எழுந்துள்ளன. பேகனைப் பொறுத்தவரை அக்கருத்து மூன்று இடங்களில் தடைப்படுகிறது: அறிந்தே செய்த கொடை அறிவுக்குறையாகிறது; பயன் நோக்காத ஈகை சேமிப்பாகிறது; கைவிடப்பட்ட பெண் நாயகனின் புள்ளியாகிறாள். இத்தடைகள் விளையாட்டு வடிவத்தையே மறுப்பதற்குக் காரணமாகா. பலர் கூடிப் பேசித் தலைவன் ஒருவனின் அடுத்த செயலைத் தீர்மானிக்கும் அரங்கம் என்னும் வகையில், இவ்வடிவம் அச்சுநூலைவிடப் புலவர் அவைக்கு நெருக்கமானது.

தேர் பூட்டப்பட்டதா என்பதைப் புறநானூறு கூறவில்லை. ஐந்து பாடல்களும் கோரிக்கையோடு நின்றுவிடுகின்றன; பேகனின் விடை தொகுப்பில் இல்லை. அவ்விடையைப் பகடையிடம் விட்டுவிடாமல், பேகனாக அமர்ந்திருப்பவரின் வாயிலிருந்து, கண்ணகியாக அமர்ந்திருப்பவரின் முன்னிலையில் வரச் செய்யும் விளையாட்டே பழனிமலைத் தலைவனுக்கு உரிய தழுவலாகும்.