பதின்மூன்றாம் கேள்வி, மூன்றாம் யூனிட்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளின்படி தேர்வு எழுதும் பொறியியல் மாணவருக்கு, வினாத்தாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஒன்று தெரியும்: பதின்மூன்றாம் கேள்வி மூன்றாம் யூனிட்டிலிருந்துதான் வரும். இரண்டு மார்க் கேள்விகள் பத்து, யூனிட்டுக்கு இரண்டு வீதம். பிறகு 11 முதல் 15 வரை, யூனிட்டுக்கு ஒன்றாக 13 மார்க் கேள்விகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ போட்டு இன்னொரு கேள்வி. கடைசியாக 15 மார்க்குக்கு 16ஆம் கேள்வி. அது மட்டும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஆக, நூற்றுக்கு 85 மார்க் அளவுக்கு, கணக்கு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கேள்வி எண்ணே சொல்லிவிடுகிறது.

இந்த அமைப்பைச் சுற்றி ஒரு படிப்பு முறையே வளர்ந்திருக்கிறது. ஐந்தாறு ஆண்டுப் பழைய வினாத்தாள்களைச் சேர்ப்பது, திரும்பத் திரும்ப வரும் கணக்குகளை ‘இம்பார்ட்டன்ட்’ என்று குறித்துக்கொள்வது, தீர்வோடு அச்சான உள்ளூர் ஆசிரியர் புத்தகத்தில் அவற்றைப் போட்டுப் பார்ப்பது, தேர்வுக்கு முந்தைய இரவில் இன்னொரு முறை எழுதிப் பார்ப்பது. கணிதம், வெப்பவியல், நிரலாக்கம், மேலாண்மை என எந்தப் பாடமானாலும் முறை ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, பென்னலூர், தண்டலம் தொடங்கி ஒரகடம் வரை, கம்பெனி பஸ்ஸும் கல்லூரி பஸ்ஸும் ஒரே சாலையில் ஓடும் இந்தத் தொழில் வட்டாரத்தில் இந்த முறையை எடை போட்டுப் பார்ப்பது பொருத்தமானது. இங்கே வகுப்பறைக் கணக்கும் தொழிற்சாலைக் கணக்கும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன.

இந்த முறையை ‘மனப்பாடம்’ என்ற ஒரு சொல்லில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. இந்த வழிகளில் கல்லூரிக்குள் வரும் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் விளக்கப் பக்கங்கள் அவர்களைத் திணறடிக்கும்போது, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குதான் அவர்கள் முழுதாக வாசிக்கக்கூடிய முதல் பக்கமாக இருக்கிறது. சமக்குறிக்கு மொழி தேவையில்லை. அடுத்த வரி முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விடை தவறினாலும் படிகளுக்கு மார்க் உண்டு என்பது, வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

ஆய்வும் இதன் பக்கம் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வு, புதிதாகக் கற்பவர்கள் தாமாக முட்டி மோதுவதைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்து விரைவாகக் கற்கிறார்கள் என்று காட்டியது. தொடக்கநிலை மாணவரின் நினைவாற்றல் முழுவதையும் வழி தேடுவதே தின்றுவிட்டால், கற்க எதுவும் மிஞ்சாது.

இதற்கு எதிர்வாதமாக ராமானுஜனைக் கொண்டுவருபவர்கள் உண்டு. கும்பகோணத்தில் 1903 வாக்கில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூல், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர் எழுதியது. இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு ‘கைடு’. ஆனால் அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசை எண்ணோடு இருந்தனவே தவிர, பெரும்பாலும் முழு நிறுவல் இல்லை. இடைவெளியை ராமானுஜன் தானே நிரப்பினார். அதே ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் பிற பாடங்களில் தேறாமல் போனதும் வரலாறுதான். ஒரு மேதையின் வாழ்க்கையை வைத்து அறுபது பேர் வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுத முடியாது. படிகள் தேவை. எவ்வளவு நாள் தேவை, எப்போது கழற்ற வேண்டும் என்பதில்தான் பேச்சு இருக்கிறது.

கழற்றுவதே இல்லை என்பதுதான் இந்த முறையின் கோளாறு. முதலாண்டில் உதவிய ஏற்பாடு எட்டாம் செமஸ்டர்வரை அப்படியே தொடர்கிறது. அதனால் ஒரு திறமை மட்டும் வளராமலே போகிறது: இது எந்த வகைக் கணக்கு என்று முதலில் அடையாளம் காணும் திறமை.

2007இல் அமெரிக்காவில் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகள். ஒரு குழு வகைவாரியாகப் போட்டது. இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது, கலப்புக் குழு 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரிக் குழு 20க்கு விழுந்தது. கலப்புக் குழு 63 எடுத்தது. யூனிட்வாரியாகப் படித்து யூனிட்வாரியாகவே தேர்வெழுதும் நம் மாணவருக்கு இந்த வீழ்ச்சி கண்ணில் படுவதே இல்லை. தேர்வும் பயிற்சியைப் போலவே இருப்பதால் 89 அப்படியே மார்க் பட்டியலில் ஏறிவிடுகிறது. வீழ்ச்சி வேலைக்குப் போன இடத்தில்தான் தெரிகிறது.

கணிதத்திலிருந்து ஒரு சிறு எடுத்துக்காட்டு. கேலி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதைக்கொண்டு அணியின் நேர்மாறைக் காண்க என்பது முதல் செமஸ்டரின் நிரந்தர விருந்தாளி. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவர்கள் ஏராளம். அணிக்கோவை பூஜ்ஜியமாக உள்ள அணியைக் கொடுத்தால் சிறப்பியல்புச் சமன்பாட்டின் மாறிலி உறுப்பு மறைந்துவிடும், நேர்மாறே கிடையாது. அப்படி ஒரு அணியைக் கேள்வியில் கொடுப்பதில்லை என்பதால், ‘நேர்மாறு இருக்கிறதா?’ என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

வெப்பவியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000இலிருந்து கண்ணாடி செய்கிறது: உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கி, பிறகு மெல்ல ஆறவிடும் முறை. கண்ணாடித் தகடு ஆறுவதைக் கணக்காகக் கொடுத்தால் மாணவரின் கை ‘லம்ப்டு சிஸ்டம்’ சூத்திரத்துக்குப் போகும். தகடு முழுவதும் எந்த நேரத்திலும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும் சுருக்குவழி அது. பயோட் எண் 0.1க்குக் கீழே இருந்தால்தான் அது செல்லும். இருபுறமும் காற்றில் ஆறும் 5 மில்லிமீட்டர் தகடு. வெப்பக் கடத்து எண் சுமார் 1, மேற்பரப்பு வெப்பப் பரிமாற்ற எண் 20 என்று கொள்வோம். பாதித் தடிமன் 2.5 மில்லிமீட்டர், பயோட் எண் 0.05. சூத்திரம் செல்லும். அதே கணக்கில் தடிமனை மட்டும் 12 மில்லிமீட்டர் ஆக்கினால் பயோட் எண் 0.12. சூத்திரம் செல்லாது; டேட்டா புக்கில் வேறு பக்கத்துக்குப் போக வேண்டும். (உண்மையான ஆலையில் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும், அது தனிப் பாடம்.) ஒரே ஒரு எண் மாறியதும் முறையே மாறுகிறது. ஆனால் வினா வங்கியில் இந்த இரண்டு கணக்கும் இரண்டு தலைப்புகளின்கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. தலைப்பைப் பார்த்தே முறை தெரிந்துவிடுவதால், பயோட் எண்ணைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு வரியைப் பலர் சடங்காக எழுதுகிறார்கள்.

நிரலாக்கத்தில் தவறு வேறு வடிவில் ஒளிந்துகொள்கிறது. 2017 ஒழுங்குமுறையின் பைத்தான் பாடத்தில் முதல் யூனிட்டிலேயே நான்கு மாதிரிச் சிக்கல்கள் உண்டு: பட்டியலில் சிறிய எண்ணைக் காண்பது, வரிசைப்படுத்திய சீட்டுகளில் புதிய சீட்டைச் செருகுவது, ஒரு வரம்புக்குள் எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். நல்ல தேர்வு, நான்கும் நான்கு வகைச் சிந்தனையைக் கேட்பவை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு என்று ஏறியதும் அவை உறைந்துவிடுகின்றன. சிறிய எண்ணைக் காண, தொடக்க மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைத்து எழுதும் பிழை மிகப் பழையது. 7, 3, 9 கொடுத்தால் விடை 0 என்று வரும். நோட்டில் இருக்கும் மாதிரி உள்ளீடு 4, 0, 9 என்றால் விடை சரியாகவே இருக்கும். பிழை நான்கு ஆண்டும் உயிரோடு இருக்கும். வேறு உள்ளீட்டைக் கொடுத்து நிரலை உடைத்துப் பார்ப்பதற்கு மார்க் வைத்திருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் படிகளை எழுதித் தருவதற்கு ஆள் தேடவும் வேண்டியதில்லை. இயந்திரம் எழுதிய நிரலை எந்த உள்ளீடு உடைக்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி வேலை.

மிக வருத்தமான இழப்பு மேலாண்மைக் கணக்குகளில் இருக்கிறது. ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்ட ‘ஈஓக்யூ’ சூத்திரம் எம்பிஏ மாணவருக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கும் பொதுச் சொத்து. ஒரு முறைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் செலவு குறையும் என்பதே கேள்வி. ஆண்டுத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ஒரு பொருளை ஓராண்டு இருப்பு வைக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். தேவை 12,000, ஓர் ஆர்டருக்கு 150 ரூபாய், இருப்புச் செலவு 10 ரூபாய் என்றால் விடை 600. ஆண்டுக்கு 20 ஆர்டர். மொத்தச் செலவு 6,000 ரூபாய். இரண்டு கோடு போட்டு முடித்துவிடலாம்.

அந்த 150 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்க இடமில்லை. அது ‘கொடுக்கப்பட்டது’. ஆனால் ஹூண்டாய் 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோதும், ரெனோ–நிசான் 2010இல் ஒரகடத்தில் ஆலையைத் திறந்தபோதும், உதிரிபாகம் செய்பவர்கள் பக்கத்திலேயே வந்து அமர்ந்ததற்கு அந்த ஒரு எண் முக்கியமான காரணம். ஆர்டர் செலவை நூறில் ஒரு பங்காக, ஒன்றரை ரூபாயாக, குறைத்துப் பார்க்கலாம். விடை 600லிருந்து 60 ஆகிறது. ஆண்டுக்கு 200 முறை லாரி வரும். மொத்தச் செலவோ 6,000லிருந்து 600 ரூபாய்க்கு இறங்கும். சப்ளையர் சிப்காட் தொழிற்பேட்டையின் அடுத்த தெருவில் இருப்பது, ஒருமுறை போட்ட ஒப்பந்தத்தின்மேல் தினமும் சரக்கு வருவது, கிடங்கு சிறுத்துப்போவது, இவை எல்லாம் இந்த வர்க்கமூலத்துக்குள் இருக்கின்றன. கொடுத்த எண்ணை அப்படியே ஏற்காமல் அதையே குறைக்கப் பார்த்ததுதான் டொயோட்டாவின் பெரிய சாதனை. கல்லூரி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் லாரி வரிசையை விளக்கக்கூடிய சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை 600 என்ற விடையோடு மூடிவைக்கிறோம்.

தெரிந்த கேள்வியே திரும்ப வரும் என்ற உறுதி இந்தச் சாலையில் கிடையாது. நோக்கியா 2006இல் இங்கே கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் கற்ற வேலை அதோடு நின்றது. பிறகு வந்த மின்னணு ஆலைகளில் வேறு பொருள், வேறு இயந்திரம், வேறு சிக்கல். லைனில் ஒரு பாகம் திரும்பத் திரும்ப விரிசல் விடும்போது அது வார்ப்பின் கோளாறா, வெப்பத்தின் கோளாறா, அளவெடுத்ததில் பிழையா என்பதற்கு யூனிட் எண் ஒட்டி வருவதில்லை.

இதற்காகப் பழைய வினாத்தாள்களைத் தூக்கி எறியச் சொல்வது, ஏணியை முதன்முறையாகப் பிடித்தவர்களின் காலடியிலிருந்தே அதை உருவுவதாகும். திடீரென்று கேள்விகளைத் திறந்துவிட்டால் முதலில் விழுபவர் முதல் தலைமுறை மாணவர்தான். பல்கலைக்கழகத் தேர்வில் வேகமாக மாற்றம் செய்வதும் கடினம். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே விடைக்குறிப்பை வைத்து வெவ்வேறு ஆசிரியர்கள் திருத்தும் ஏற்பாட்டில், ஒரே கேள்விக்குப் பல சரியான விடைகள் இருந்தால் மார்க் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு 40 விழுக்காடு உள்மதிப்பீடு. அது கல்லூரியின் கையில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு வினாத்தாளே கையில் இருக்கிறது. முதலாண்டில் இப்போதைய முறையே தொடரட்டும். மூன்றாம் செமஸ்டரிலிருந்து இண்டர்னல் தேர்வில் யூனிட் வரிசையைக் கலைக்கலாம். தேவைக்கு மேல் ஒரு தரவைச் சேர்க்கலாம். இன்னொரு கணக்கில் ஒரு தரவை விட்டுவிடலாம். சில கணக்குகளில் தீர்க்கவே சொல்லாமல், எந்த முறை, ஏன் என்று மட்டும் இரண்டு வரியில் எழுதச் சொல்லலாம். திருத்தவும் அது எளிது.

இந்த வட்டாரத்திலிருந்தே கணக்குகள் கிடைக்கும். ஹூண்டாயின் இங்குள்ள ஆலைகளுக்கு ஆண்டுக்கு 8,24,000 கார் செய்யும் திறன் உண்டு என்று 2024 பங்கு வெளியீட்டின்போது நிறுவனமே சொன்னது. எத்தனை நொடிக்கு ஒரு கார்? வேலை நாள் எத்தனை என்று கேள்வியில் இல்லை. 300 நாள், 24 மணி நேரமும் ஓட்டம் என்று வைத்தால் சுமார் 31 நொடி. உணவு இடைவேளையைக் கழித்தவருக்கு வேறு விடை. இரண்டு ஆலை என்பதால் ஒரு லைனுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கவனித்தவருக்கு இன்னொன்று. மூன்றும் சரியாக இருக்கலாம். மார்க் அனுமானத்துக்கும் அதற்குச் சொன்ன காரணத்துக்கும் போக வேண்டும். அறுபது தாள்களை அப்படி வாசித்துத் திருத்த ஓர் ஆசிரியருக்கு இப்போதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அவருடைய வாராந்திரக் கால அட்டவணையில் வகுப்பு நேரமாகவே கணக்கிட்டு ஒதுக்கும் கல்லூரியால் அடுத்த செமஸ்டரிலேயே இதைத் தொடங்கிவிட முடியும்.