சைக்கிள் கம்ப்யூட்டர்: விமர்சனங்கள் கேட்காத மூன்று கேள்விகள்

சைக்கிளுக்குச் சாதாரண ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாம்னு தேடினா, கிடைக்கிற விமர்சனங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கு. திரை எத்தனை இஞ்ச், பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை வகை செயற்கைக்கோள், என்ன விலை. கடைசியில் நாலரை நட்சத்திரம். பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதை எதற்கு இன்னொரு தடவை படிக்கணும்?

அடிப்படை மாடல் என்பது ஒரு பதிவுக்கருவி, அவ்வளவுதான். அது விட்டுச்செல்லும் பதிவை வைத்துத்தான் அதை எடைபோடணும். அதுக்கு மூன்று கேள்விகள் போதும்.

1. தூரத்தை எதை வைத்து அளக்கிறது?

ஜிபிஎஸ் கருவி புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடையே நேர்கோடு போட்டுக் கூட்டுகிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்குச் சுமார் 7 மீட்டர் நகர்கிறோம். விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் பிரச்சினை இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால், 35 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். நேரான நெடுஞ்சாலையில் வித்தியாசமே தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில், வளைவுகளைக் குறுக்கே வெட்டிவிடும். மரங்கள் அடர்ந்த இடத்தில் புள்ளிகள் வேறு அலைபாயும்.

இதுக்கு மருந்து சக்கரத்தில் மாட்டும் வேக சென்சார். ஆன்ட் பிளஸ் அல்லது ப்ளூடூத் சென்சாரை இந்த மாடல் ஏற்குமான்னு பாருங்க. சக்கரச் சுற்றளவையும் சரியாகக் கொடுக்கணும்: 700x25 டயருக்கு வழக்கமாகப் போடுவது 2105 மி.மீ., 700x28க்கு 2136. மாற்றிக் கொடுத்தால் 100 கி.மீ.க்கு ஒன்றரை கி.மீ. பிசகும்.

2. உயரத்தை எதை வைத்துச் சொல்கிறது?

செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கு. பூமிக்குக் கீழே இருப்பவை நமக்குத் தெரியாது. அதனால் ஜிபிஎஸ் சொல்லும் உயரத்தில், கிடைமட்ட இடத்தைவிடப் பிழை அதிகம். மலையேறுபவருக்குக் காற்றழுத்தமானி உள்ள மாடல்தான் சரி. ஆனால் அதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கடல்மட்டத்துக்கு அருகே 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அது சுமார் 8 மீட்டர் ஏற்றமாகக் கணக்காகும். நம்ம வெப்பமண்டலத்தில் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை 4 மணிக்குள் 3-4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். பத்து மணிக்குக் கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றிவிட்டு நாலு மணிக்கு அதே இடத்துக்கு வந்தால், திருத்தம் செய்யாத கருவி உங்களை 25-30 மீட்டர் மேலே ஏற்றி வைத்திருக்கும்!

3. பதிவு யார் கையில்?

எனக்கு இதுதான் முக்கியம். விமர்சனங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாததும் இதைத்தான். 2020 ஜூலை 23 அன்று கார்மினின் கணினிகள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகி, கார்மின் கனெக்ட் சேவை பல நாட்கள் முடங்கியது. ஆனால் கருவிக்குள் பதிவு பத்திரமாக இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபிட் கோப்பை எடுத்து, நேரடியாக ஸ்ட்ராவாவில் ஏற்றினார்கள். ப்ளூடூத் வழியாகக் கம்பெனியின் செயலிக்கு மட்டுமே தரவைக் கொடுக்கும் கருவி என்றால் இந்தக் கதவே கிடையாது. செயலியைக் கம்பெனி கைவிட்ட அன்று, உங்க பல வருஷச் சவாரிகளும் அதோட போயிடும்.

உதாரணத்துக்குக் கார்மின் எட்ஜ் 130 பிளஸ். 1.8 இஞ்ச் கறுப்பு வெள்ளைத் திரை, அட்டவணையில் பார்த்தால் பரிதாபம்தான். ஆனால் இருவகை சென்சார், காற்றழுத்தமானி, யூஎஸ்பி என மூன்று கேள்விக்கும் பதில் இருக்கு. குறை பேட்டரியில்: கம்பெனி சொல்வதே 12 மணி நேரம். 200 கி.மீ. பிரெவே ஓட்டத்துக்கான காலவரம்பு பதின்மூன்றரை மணி. நிதானமாக ஓட்டுபவருக்குப் பத்தாது.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுபவரா? கையில் இருக்கும் போனே போதும், காசை மிச்சம் பண்ணுங்க. அதுக்கு மேல் வேணும்னா, பணம் கட்டும் முன் அந்த மாடலின் பயனர் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்க. பெரும்பாலும் கம்பெனியின் தளத்திலேயே இலவசமாக இருக்கும். அதில் பதிவு இடைவெளி, காற்றழுத்தமானி, யூஎஸ்பி வழியாகக் கோப்பு எடுப்பது, இந்த மூன்றையும் தேடிப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.