பத்தாயிரத்து எண்பது காரணிகள்

எண்களை ரசிப்பவர்கள் பெரும்பாலும் பகா எண்களைத்தான் கொண்டாடுவார்கள். 1-ஐயும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாத அந்தப் பிடிவாதத்துக்குக் கம்பீரம் உண்டு. எனக்கோ, கேட்டவர்க்கெல்லாம் வகுபட்டுக் கொடுக்கும் எண்கள் மேல்தான் ஆசை. அவற்றுள் ஒன்று 67,46,32,83,88,800.

ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றே குறைந்த இந்த எண், 1 முதல் 28 வரை எதனாலும் மீதியின்றி வகுபடும். இதன் காரணிகள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சுவதை உயர் பகு எண் என்பார்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் வரிசை அது. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றி ராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் இதுதான். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது இந்த ஆய்வுக்காகவே.

எண்ணின் அழகு பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. அதாவது 10,080.

இதில் எதையாவது மாற்றிப் பாருங்கள். 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால், காரணிகள் அதே அளவுதான். எண்ணோ இரண்டேகால் மடங்காகிவிடும். 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐ வைத்தாலும் வீண் செலவு. 23-க்குப் பதில் இன்னும் ஐந்து 2-களைச் சேர்க்கலாமே என்றால், 23-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 32-ஆல் பெருக்குகிறோம். காரணிகளோ இரட்டிப்பதற்குப் பதில் 12/7 மடங்கோடு நின்றுவிடும். எங்கே கை வைத்தாலும் நஷ்டம். இவ்வளவு பெரிய எண்ணில் இவ்வளவு சிக்கனம் என்பதுதான் என்னை மயக்குகிறது.

ராமானுஜனின் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணேதான். விடுபட்டதும் முடித்துவைத்ததும் ஒரே பகா எண்ணின் தூரத்தில் இருக்கின்றன.

அட்டவணையைவிடப் பெரியது அவர் நிரூபித்த ஒழுங்கு. பகா எண்கள் 2-இல் தொடங்கி, ஒன்றுகூட விடுபடாமல் வரவேண்டும். அடுக்குகள் எங்கும் ஏறக்கூடாது. 4, 36 என்ற இரண்டைத் தவிர, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கவேண்டும். ஒரு கோடிக் காரணிகளாவது உள்ள மிகச் சிறிய எண்ணை நாளை யார் தேடினாலும், அவர் கைக்கு வருவது இந்த வடிவத்தில்தான் இருக்கும்.