போ குவார்ட்டர்: தீப்பெட்டி ஆலை குடியிருப்பானது

போ குவார்ட்டர் என்பது கிழக்கு இலண்டனின் போ பகுதியில், ஃபேர்ஃபீல்டு சாலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. பிரையண்ட் அண்ட் மே நிறுவனத்தின் தீப்பெட்டி ஆலையாக இருந்த செங்கல் கட்டடங்கள் 1980களின் இறுதியிலிருந்து வீடுகளாக மாற்றப்பட்டன. இங்கு 700க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன.

பின்னணி

இந்நிறுவனம் 1861இல் இவ்விடத்திற்கு வந்தது. 1888 ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த கூலி, அபராதப் பிடித்தம், வெண்பாஸ்பரசால் தாடை எலும்பு அழுகும் நோய் ஆகியவை அவர்கள் பட்ட துன்பங்கள். இவற்றை இதழில் எழுதி வெளிப்படுத்தியவர் அன்னி பெசண்ட். பிற்காலத்தில் சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கியவர் இவரே. போராட்டத்தின் பயனாக அபராதங்கள் நீக்கப்பட்டன. பாஸ்பரஸ் கலவாமல் உண்பதற்குத் தனி இடமும் கிடைத்தது. ஆலை 1979இல் மூடப்பட்டது.

கட்டடக்கலை

இன்று காணும் பெரிய கட்டடம் வேலைநிறுத்தக் காலத்தது அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக எழுப்பப்பட்டது. செந்நிறச் செங்கல் சுவர்கள், வரிசையான பெரிய சன்னல்கள், நீர்த்தொட்டி தாங்கும் கோபுரம் ஆகியவை இதன் அடையாளங்கள். தொழிலாளர் வேலை செய்ய வெளிச்சம் தந்த சன்னல்களே இன்று வீடுகளுக்கும் வெளிச்சம் தருகின்றன. ஆலையின் புறத்தோற்றத்தைச் சிதைக்காமல் உட்புறத்தை மட்டும் பிரித்தது இம்மாற்றத்தின் சிறப்பு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

மதிப்பீடு

வீடுகளாக மாறியதால்தான் இக்கட்டடம் பயனுடன் நிலைத்தது என்பதை மறுக்க இயலாது. பாழடைந்த ஆலையை எவரும் நெடுங்காலம் பராமரிக்கமாட்டார்கள். ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, பெயர்கள். இங்குள்ள கட்டடங்களுக்கு மன்ஹாட்டன், லெக்சிங்டன் என நியூயார்க் நகரப் பெயர்கள் சூட்டப்பட்டன. தீக்குச்சி செய்த பெண்களுக்கும் நியூயார்க்கிற்கும் என்ன தொடர்பு? இரண்டாவது, வாயிற்கதவு. வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வெளியேறிய வளாகம் இன்று குடியிருப்போருக்கு மட்டுமே திறக்கும் வேலியடைத்த வளாகமாக உள்ளது. அக்கம்பக்கத்து எளிய மக்கள் சுவரை வெளியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவே.

வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலப் பலகை 2022இல்தான் இங்கு வைக்கப்பட்டது. வீடுகள் அமைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அது வந்தது. செங்கல்லைக் காப்பது பாதி வேலை. அங்கு உழைத்தவர்களின் பெயர் விளங்கச் செய்வதே மீதி வேலை. போ குவார்ட்டர் முதல் பாதியை நன்றாகவும், மறுபாதியைத் தாமதமாகவும் செய்துள்ளது எனலாம்.